நம்பப்பட்ட பால்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று ஒரு காலத்தில் வில்லியனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எல்லோரும் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் நம்பியவன் நான்தான்.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. பிரெஞ்சுக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தாலும் அவர்கள் எழுதிவைத்த காகிதங்கள் போகவில்லை. நிலப்பத்திரம், கல்யாணப் பதிவு, பாட்டன் செத்த சான்று எல்லாம் பிரெஞ்சிலேயே கிடந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்தச் சொல்தா குடும்பத்துப் பெண்கள் பென்ஷனுக்காகப் பழைய காகிதங்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "மேற்படியார் காலமானார் என்று இதன்மூலம் அறியப்படுகிறது" என்று படிப்பேன். செத்தவரின் பிள்ளைகளே அந்தச் செய்தியை அப்போதுதான் கேள்விப்படுவது போல வாயைப் பிளந்து நிற்பார்கள். இந்த உலகத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

உண்மையில் என் பிரெஞ்சு முழுக்கப் பத்திரப் பிரெஞ்சு. வடக்கே இன்னார் புஞ்சை, கிழக்கே வாய்க்கால், சாட்சிகள் கையொப்பம். அந்த மொழியில் என்னால் ஒரு குடும்பத்துக்குப் பாகம் பிரித்துக் கொடுக்க முடியும். ஒரு கத்தரிக்காய் வாங்க முடியாது. இந்த விஷயம் எனக்கே தெரியாமல் இருந்ததுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

எண்பதுகளின் பின்பாதியில் என் மனைவி கருவுற்றாள். அதற்கு முன்னால் ஒருமுறை உண்டாகி, மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. ஆகவே இந்த முறை பாகூரிலிருந்து என் மாமியார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டார். ஒன்பதாம் மாதத்தில் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும்வரை இங்கேயே இருந்து காவல் காப்பது என்று முடிவு. காவல் என்றால் சாதாரணக் காவல் இல்லை. பப்பாளி கூடாது. எள் கூடாது. அன்னாசி கூடாது. கத்தரிக்காய்கூட வெள்ளைக் கத்தரிக்காய் மட்டும். பால் ஒருமுறை பொங்கினால் போதாது. பொங்கி இறக்கி, மறுபடி ஏற்றிப் பொங்கவேண்டும். எங்கள் அடுப்பு எப்போது பார்த்தாலும் பால் தீய்ந்த வாசத்தோடு இருந்தது.

நான் படித்தவன். எதையும் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிக்கொள்கிறவன். தினமும் மாமியாரோடு மல்லுக்கு நின்றேன்.

"அத்தே, எள்ளு துன்னா இன்னா ஆவும்னு சொல்லுங்க பாப்போம்."

"சூடு மாப்ள."

"சூடுன்னா? ஜுரம் வருமா?"

"மாப்ள, கோச்சிக்காதீங்க. புள்ள பொறந்தப்பறம் நீங்க மூட்ட மூட்டயா எள்ளு வாங்கிக் குடுங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

இப்படி ஒவ்வொரு சண்டையிலும் நான் தோற்றேன். என் மனைவி சமையற்கட்டில் நின்று சிரிப்பாள். தோல்விகள் மனத்துக்குள் சேர்ந்துகொண்டே வந்தன. எதிலாவது ஒன்றில் ஜெயித்தாக வேண்டும் என்ற ஆத்திரத்தில் இருந்தேன்.

ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. பிரான்சில் குடியிருந்த என் மனைவியின் அக்கா அதற்காகவே வந்தாள். அவள் கணவர் சொல்தா. நல்ல மனுஷி. பிரெஞ்சு பேசுவாள், ஆனால் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் இது ஒரு வேடிக்கை: அவள் பேசுவாள், நான் படிப்பேன், இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழுப் பிரெஞ்சுக்காரன் கிடைப்பான் என்று மாமனார் சொல்வார்.

வளையல் அடுக்கி, கலந்த சாதமெல்லாம் பரிமாறி முடிந்தபிறகு, வந்தவர்கள் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் பெட்டியைத் திறந்தாள். மாமனாருக்குச் சட்டை, தங்கைக்குச் சால்வை, எனக்கு ஒரு வட்டமான மெல்லிய மரப்பெட்டி. அதைத் திறந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"இன்னாடி இது, கருவாடா?" என்றார் மாமனார்.

"ஃப்ரொமாழ்ப்பா. பால்கட்டி. கமாம்பேர்னு பேரு. தம்பி இங்கிலீஷ் பத்திரிகைல இதப்பத்திப் படிச்சிட்டு, எப்டி இருக்கும்னு போன தடவ கேட்டுனே இருந்துச்சி. அதான் எடுத்தாந்தேன்."

விமானத்திலும், சென்னையிலிருந்து வந்த வண்டியின் வெயிலிலும் அது நன்றாகவே இளகிப்போயிருந்தது. மேலே வெள்ளைத் தோல். அமுக்கினால் உள்ளே வெண்ணெய் போலக் குழைந்தது. நான் அதைக் கையில் ஏந்தி, வெகுநாள் பழகியவன் போல மோந்து பார்த்துத் தலையாட்டினேன். உண்மையில் குமட்டியது.

அக்கா குரலைத் தாழ்த்தி, "தம்பி, இது உனக்குத்தான். அவளுக்குக் குடுக்காத," என்றாள்.

"ஏன்க்கா?"

"மாசமா இருக்கறவங்க இதத் துன்னக்கூடாதாம். எங்க கீழ்வூட்டு வெள்ளக்காரி சொல்லுவா."

"எதனாலயாம்?"

"அதெல்லாம் நான் இன்னாத்த கண்டேன். வாணாம்னா, அவ்ளோதான்."

அவள் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கூடத்துக்கே கேட்கும்படி எடுத்துச் சொன்னேன். "பாருங்க அத்தே, உங்க பொண்ணு அங்கயும் போயி ஒரு பப்பாளியக் கண்டுபுடிச்சிட்டாங்க. பாகூர்ல பப்பாளின்னா பிரான்சுல பால்கட்டி. காரணம் கேட்டா அங்கயும் யாருக்கும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் முகம் சுருங்கி. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "அதுல இன்னா போட்டிருக்குன்னு படிச்சிப் பாருங்க மாப்ள," என்றார். படிக்கச் சொன்னதுதான் தாமதம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

பெட்டிமேல் ஒரு மாட்டின் படம். ஊர்ப்பெயர் ஒன்று. அதற்குக் கீழே இரண்டு சொல்: லே க்ரு. 'லே' என்றால் பால். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் கறவை மாடுகளோடு வந்துபோகும் சொல், எனக்குப் பழக்கம். 'க்ரு' அதைவிடப் பழக்கம். பழைய கோர்ட்டுத் தீர்ப்புகளில் அடிக்கடி வரும். இன்னார் சொன்ன சாட்சியம் நம்பப்பட்டது, இன்னார் சொன்னது நம்பப்படவில்லை. 'க்ரு' என்றால் நம்பப்பட்டது. இதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் எழவில்லை.

"நம்பப்பட்ட பால்," என்று அறிவித்தேன். "அதாவது, நம்பிக்கைக்கு உரிய பாலில் செய்தது. அரசாங்கமே சோதிச்சி, இந்தப் பால நம்பலாம்னு போட்டுக் குடுக்கறான் வெள்ளக்காரன். நம்ம ஊர்ல எந்தப் பால்காரன் இப்படி எழுதிக் குடுப்பான்?"

மாமனார் பெருமையோடு சபையைப் பார்த்தார். "படிச்ச மாப்ள," என்றார். மாமியார் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஜெயித்துவிட்டேன்.

அரசாங்கம் என்ற சொல் அந்தப் பெட்டியில் எங்குமே இல்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம்.

அக்கா ஊருக்குத் திரும்பிப் போனாள். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி கிடையாது. பால்கட்டியை ஈரத்துணியில் சுற்றி, மண்பானைக்குப் பக்கத்தில் ஈரமணலில் வைத்தேன். மறுநாள் மாமியார் அரிசி மூட்டையை நகர்த்தி, உரலை நகர்த்தி, பரணிலெல்லாம் விளக்கைப் பிடித்துத் தேடிக்கொண்டிருந்தார். "எங்கியோ எலி செத்துக் கெடக்குது மாப்ள." நான் பானையைக் காட்டினேன். "இதையா அவ துன்னணும்ன்றீங்க?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம், அவள் தின்னவேண்டும் என்றுதான் சொன்னேன். சபையில் வாதாடி ஜெயித்த கட்சியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. சாயங்காலம் அலுவலகம் விட்டதும் பேருந்து பிடித்துப் பாண்டிக்குப் போய், நீட்டு ரொட்டி வாங்கிவந்து, துண்டு போட்டு, பால்கட்டியைத் தடவி அவள் முன்னால் வைத்தேன்.

"ஏங்க, அக்கா வாணாம்னுச்சே."

"உங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சேன்."

அவள் ரொட்டியை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கடி கடித்தாள். மென்றாள். முகம் மெல்ல மாறியது. "புளிச்ச தயிரு மாதிரி கீது. நல்லாத்தான் கீது," என்றாள். புளிப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்த நாக்கு. அதற்குப்பிறகு தினமும் சாயங்காலம் அவளே கேட்டாள். எனக்கோ, இரண்டாம் நாளே அந்த நாற்றம் தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "கர்ப்பிணிக்குச் சத்து, நீயே சாப்பிடு," என்று முழுவதையும் அவளுக்கே கொடுத்தேன். தியாகம் செய்வது போன்ற முகத்தோடு கொடுத்தேன்.

பெட்டி காலியான பிறகு சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி, முதுகு விண்ணென்று தெறிக்கிறது என்றாள். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். நான் அதையும் கேலி செய்துவிட்டு, பக்கத்து டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்தேன். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. மூன்றாம் நாள் காலையில் வாடகைக் கார் பிடித்து, மூலக்குளம் வழியாகப் பாண்டியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் தலையை மாமியார் மடியில் வைத்திருந்தாள். இந்தக் குழந்தையும் போய்விடுமோ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டிக்குள் வேறு நினைப்பே இல்லை.

அங்கே டாக்டர் பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், வயதானவர். பக்கத்தில் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் நர்சாக இருந்தார். அவர்களை நாங்கள் மாசேர் என்போம். அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி போகவில்லை பாருங்கள். உள்ளே நுழைந்ததும், "போன்ழூர், தொக்தேர்," என்றேன். டாக்டர் நிமிர்ந்தார். பிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்ப்பவன் என்று சொல்லிக்கொண்டேன். மனைவி படுக்கையில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வழக்கமில்லாத சாப்பாடு எதாவது சாப்பிட்டாங்களா? பச்சைப் பால், காய்ச்சாத பால்ல செஞ்சது, அந்த மாதிரி?"

மாமியார் முந்திக்கொண்டார். "ஐயா, எங்க வூட்ல பால் ரெண்டு தபா பொங்காம ஆரும் வாயில வக்கறதில்ல."

வாரக்கணக்கில் முன்னால் தின்றுமுடித்த பால்கட்டி மாமியார் நினைவில் இல்லை. மாசேருக்குத் தமிழ் முழுதாகப் புரியவில்லை போல. டாக்டர் தாம் கேட்டதை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னார். வேகமாகச் சொன்னதில் எனக்கு இரண்டே சொல்தான் பிடிபட்டது. லே க்ரு.

முதலில் ஒரு முட்டாள் சந்தோஷம் வந்தது, தெரிந்த சொல்லைக் கேட்ட சந்தோஷம். அடுத்த மூச்சில் அது போய்விட்டது. தமிழில் பச்சைப் பால் என்று கேட்டதைத்தானே இவர் பிரெஞ்சில் லே க்ரு என்கிறார்.

பிரெஞ்சில் ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, நம்பப்பட்டது. இன்னொன்று, பச்சை, வேகாதது. பத்திரங்களில் யாரும் எதையும் வேகவைப்பதில்லை; அதனால் இரண்டாவது சொல்லை நான் சந்தித்ததேயில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பெட்டியின் மேலேயே, மாட்டுப் படத்துக்குக் கீழே, இது காய்ச்சாத பாலில் செய்தது என்று தெளிவாக அச்சடித்திருந்தார்கள். ஊரைக் கூட்டி அதைப் படித்துக் காட்டி, நான் அதை என் மனைவிக்கு ஊட்டியிருக்கிறேன். பாலை இரண்டுமுறை பொங்கவைத்த வீட்டில்.

"நீங்க என்ன சொல்றீங்க, மெசியே?" என்றார் டாக்டர்.

மாமியார் பக்கத்தில் நின்றார். மாசேர் என்னைப் பார்த்தார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தேன்.

"நோன், தொக்தேர்," என்றேன். இல்லை, டாக்டர்.

என் வாழ்நாளில் தயங்காமல், பிழையில்லாமல் நான் பேசிய பிரெஞ்சு அது ஒன்றுதான்.

அவர் தலையாட்டிவிட்டு, ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிப் போய்விட்டார். முடிவு வரும்வரை பார்ப்போம் என்றார். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று எனக்கு நானே வழக்காடினேன். தின்று எத்தனை நாளாகிவிட்டது. இன்றைக்கு வந்த காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம். ஊரில் எல்லோருக்கும்தான் காய்ச்சல். டாக்டர் பொதுவாகக் கேட்டிருப்பார். சாட்சி, எதிர்ச்சாட்சி, தீர்ப்பு என்று எல்லா வேலையையும் நானே செய்தேன், ஒவ்வொரு தடவையும் என்னையே விடுதலை செய்தேன். அதற்குள் மத்தியானமாகிவிட்டது. மாமியார் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தார். அதைத் தின்றேன். பசித்தது, தின்றேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு உள்ளே போனபோது மனைவி விழித்திருந்தாள். என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கொதித்தது.

"ஏங்க, காலைலேர்ந்து உதைக்கவே இல்ல."

"தூங்கும்," என்றேன்.

"அதுவும் உங்கள மாதிரியா? ஆபீஸ் நேரத்துல தூங்குதா?" உதடு வெடித்திருந்தது, அதோடு சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எழுப்பிவுடுங்க," என்றாள்.

கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் வீட்டுக்குக் கிளம்பி, கார்க் கதவில் கை வைத்திருந்தார். ஓடினேன். பிரெஞ்சு வரவில்லை, தமிழே ஒழுங்காக வரவில்லை.

"ஐயா, காலையில பொய் சொல்லிட்டேன். பால்கட்டி சாப்பிட்டா. லே க்ரு."

அவர் கதவை விட்டார். "எந்தப் பால்கட்டி? கெட்டியானதா, மெதுவானதா?"

"மெது. கமாம்பேர்."

"அப்படியே தின்னாங்களா, சூடு பண்ணியா?"

"அப்படியே."

"வெளியில வச்சிருந்ததா?"

ஈரமணலைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். நடந்துகொண்டே பேசினார், நான் பின்னால் ஓடினேன். அந்த மாதிரி இளகிய பால்கட்டியில் ஈரம் அதிகம், ஒரு கிருமி வளரும் என்றார். குளிரில் வைத்தாலும் மெதுவாக வளரும், நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும், கர்ப்பிணிக்கு அது குழந்தைவரை போகும். காய்ச்சிய பாலில் செய்த கெட்டிப் பால்கட்டி என்றால் பயமில்லை. இதையேகூடக் கொதிக்கக் கொதிக்கச் சமைத்துத் தின்றிருந்தால் இவ்வளவு பயப்படவேண்டியதில்லை. இதையெல்லாம் யாருக்கோ பாடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தவர், வார்டு வாசலில் நின்று திரும்பினார்.

"இதைக் காலையிலேயே ஏன் சொல்லல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டார். ரத்தச் சோதனை முடிவு வரட்டும் என்று இருக்காமல் உடனே ஊசி ஆரம்பித்தார்கள். வேறு மருந்து, வேறு அளவு என்று மாசேர் ஓடியது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரத்திலேயே, நாள் வருமுன்னே, குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை; பூனைக்குட்டி போல ஒரு சத்தம் மட்டும் வந்ததாக மாமியார் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தினமும் அவளுக்கும் ஊசி போட்டார்கள். என் சுண்டுவிரல் அளவுதான் அவள் கை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். சோதனையில் டாக்டர் சொன்ன கிருமிதான் என்று வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். "பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்சவர் நீங்க. பெட்டியில போட்டிருந்ததை என்னன்னு படிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மேசைமேல் கையை ஊன்றி, தோள் குலுங்கச் சிரித்தார். "இலக்கணப்படி தப்பில்ல, மெசியே," என்றார்.

வீட்டுக்கு வந்தபின் மனைவியிடமும் மாமியாரிடமும் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மாமியார் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டார். குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கடைசியில், "இதுக்கு அவளப் பப்பாளியே துன்ன வுட்டிருக்கலாம் மாப்ள," என்றார். அன்றிலிருந்து அவர் சொன்ன எதற்கும் நான் காரணம் கேட்கவில்லை. எள்ளில் என்ன கெடுதல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்கும் யோக்கியதை போய்விட்டது, அவ்வளவுதான்.

மனைவி இதை ஒரு கதையாக்கிவிட்டாள். யார் வந்தாலும் சொல்வாள், நான் தொண்டையைச் செருமியதை நடித்துக்காட்டுவாள். சந்தையில் என்னைப் பார்த்து, "இன்னா சார், இந்தப் பால நம்பலாமா?" என்று பால்காரர்களே கேட்டார்கள். காகிதங்களோடு வருகிறவர்களின் கூட்டம் குறைந்துபோனது. ஒருநாள் அவளிடம், "அக்கா வேணாம்னு சொல்லியும் நீ ஏன் தின்ன?" என்று கேட்டேன். "நீங்க எல்லார் எதுர்லயும் அவ்ளோ ஆசையா படிச்சீங்க. அப்பறம் வாணாம்னு எப்படிங்க சொல்றது," என்றாள்.

இதுவரை எழுதியது ஊருக்கே தெரிந்த கதை. தெரியாதது அந்த அரைநாள்.

காலையில் டாக்டர் கேட்டதையும், நான் இல்லை என்றதையும் மனைவியிடம் நான் சொல்லவில்லை. காய்ச்சல் மயக்கத்தில் அவள் கேட்டிருக்கவில்லை. மாமியாருக்கு 'நோன்' என்றால் என்னவென்று தெரியாது. டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை. தப்பாகப் படித்ததற்காக என்னை எல்லோரும் கேலி செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் மற்றதை ஒளித்துவைப்பது சுலபமாக இருந்தது. மனைவி சில வருஷங்களுக்கு முன்னால் காலமானாள். அதுவரை அவளுக்குத் தெரியாது.

மகளுக்கு இடது காது மந்தம். பேச்சு வரத் தாமதமானபோதுதான் தெரிந்தது. அந்தக் காய்ச்சலால்தான் என்றார் டாக்டர். மருந்து அரைநாள் முன்னால் போயிருந்தால் காது தப்பித்திருக்குமா என்று அவரிடம் கேட்க இரண்டுமுறை பாண்டிக்குப் போனேன். இரண்டுமுறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். அவரும் இப்போது இல்லை.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவள் கருவுற்றிருந்தபோது தினமும் போன் போட்டுப் பால்கட்டி, பால்கட்டி என்று உயிரை வாங்கினேன். "அப்பா, பாஸ்ச்சரைஸ் பண்ணதான்னு பாத்துத்தான் வாங்கறேன். மெத்து சீஸ் வீட்டுக்குள்ளயே வரதில்ல. பீட்சாகூட ஆவி பறக்கச் சூடா இருந்தாத்தான் தொடறேன். போதுமா? அம்மா சொன்ன கதை எனக்கு மனப்பாடம்," என்றாள். அம்மா சொன்ன கதை.

போன பொங்கலுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் நடந்தோம். அவள் வழக்கம்போல என் இடது பக்கம் வந்துகொண்டாள், வலது காது என் பக்கம் இருக்கவேண்டும் என்று. சொல்லிவிடலாம் என்று, "அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். காற்று அதிகமாக இருந்தது. அவள் நின்று, அந்தக் காதை நன்றாக என் பக்கம் திருப்பி, "இன்னாப்பா?" என்றாள்.

ஏரியில் தண்ணீர் போன வருஷத்தைவிட அதிகம் என்றேன். ஆமாம் என்றாள்.

அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அதனால் எழுதியிருக்கிறேன்.